மகால் வடம்போக்கித் தெருவில் ஒரு பகல்

(சபையின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



நகரத்துப் பழைய வீதிகளைக் குறித்துச் சிறிது நேரம் பேசவேண்டுமென்று காரியதரிசி அவர்கள் கேட்டபொழுது நாம் தயங்கினோம். நாம் சரித்திர பண்டிதரல்லோம். புறநகரில் வீடு கட்டிக்கொண்டு, மாதத்தில் இரண்டொரு முறை ஜவுளி வாங்கவோ, கல்யாணத்துக்கோ நகருக்குள் வந்து போகும் சாமானிய மனிதர். எனினும் சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நமக்கு நேர்ந்த ஓர் அநுபவம் இச்சபையில் சொல்லத்தக்கதென்று தோன்றியமையால் ஒப்புக்கொண்டோம். சொல்லுவதில் குற்றமிருப்பின் பெரியோர் பொறுக்க.

நாம் வசிப்பது திருப்பரங்குன்றத்தை அடுத்த திருநகரில். 2011-ஆம் ஆண்டில் எல்லை விரிந்தபொழுது திருப்பரங்குன்றமும் அதனைச் சூழ்ந்த ஊர்களும் மாநகராட்சிக்குள் வந்துவிட்டன. ஆயினும் இன்றும் எங்கள் பக்கத்தில் பேருந்து ஏறுகிறவரைக் கேட்டால், "மதுரைக்குப் போய் வருகிறேன்" என்றே சொல்லுவர். மதுரையிலிருந்துகொண்டே மதுரைக்குப் போகிறோம்! இதனை நாம் வேடிக்கையாகச் சொல்லி வந்ததுண்டு. இப்பொழுது அவ்வாறு சொல்ல நா எழவில்லை.

நாம் அன்று சென்றது ஊர் பார்க்கவன்று. மகால் வடம்போக்கித் தெருவொன்றில் பாட்டனார் காலத்து வீடு ஒன்று பங்காளிகள் ஐவருக்குப் பொதுவாக இருக்கிறது. அதனை வாங்கிச் சரக்குக் கிடங்கு கட்ட ஒரு வியாபாரி முன்வந்து, முன்பணமும் கொடுத்திருக்கிறார். கிரயம் எழுதுமுன் ஒருமுறை நேரில் பார்த்து வருவது முறையென்று, காலேஜில் படிக்கும் மகனையும் பள்ளியில் படிக்கும் மகளையும் உடன் அழைத்துக்கொண்டு புறப்பட்டோம். பசுமலையும் பழங்காநத்தமும் கடந்து பெரியார் நிலையத்தில் இறங்கினோம்.

அந்நிலையத்துக்கு அருகிலேயே பழைய கோட்டையின் மேற்கு வாசற் கட்டடம் எஞ்சி நிற்கிறது. நாற்பது ஆண்டுகளாக அதன் அருகே நின்று பேருந்துக்குக் காத்திருக்கிறோம்; அஃது என்னவென்று அன்றைக்குத்தான் நிமிர்ந்து பார்த்தோம். விசுவநாத நாயக்கர் காலத்தில் 72 கொத்தளங்களோடு எழுப்பப்பட்டதெனச் சொல்லப்படும் மதில் இந்நகரைச் சூழ்ந்திருந்தது. 1840-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கலெக்டராயிருந்த பிளாக்பர்ன் துரை, ஊர் மூச்சுவிட வழியின்றி நெருங்கியிருப்பதைக் கண்டு, மதிலை இடித்து அகழியைத் தூர்க்கச் செய்தார். அரசாங்கம் பெருஞ்செலவு செய்யவில்லை. இடிப்பவர்க்கு அவ்விடத்தில் மனை கிடைக்குமென்று ஏற்பாடு செய்தார். மதில் நின்ற இடமே இன்றைய வெளி வீதிகள். அளவையாளர் மாரெட் துரையின் பெயரும் வேலையை நடத்திய பெருமாள் மேஸ்திரியின் பெயரும் இரண்டு தெருக்களின் பெயராக இன்றும் வழங்குகின்றன. கலெக்டருக்கு ஊரார் எடுத்த நினைவுச் சின்னமே கீழ மாசி வீதியும் தெற்கு மாசி வீதியும் கூடும் மூலையில் உள்ள விளக்குத்தூண்.

இதனை மகனுக்குச் சொல்லிக்கொண்டு நடந்தபொழுது அவன் கேட்டான்: "அப்படியானால் வெளி வீதியில் முதலில் வீடு கட்டியவர்கள்தாம் அந்நாளைய திருநகர்க்காரர்களா?" நாம் அதனை எண்ணிப் பார்த்திருக்கவில்லை. கோவிலைச் சுற்றி ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, அதற்கப்பால் வெளி வீதி என வளையம் வளையமாக வளர்ந்த ஊரில் ஒவ்வொரு வளையமும் ஒரு காலத்தில் புறம்பாகவே இருந்திருக்கும். மதில் இடிந்த நாளில் உள்ளேயிருந்தவர், "இவர்கள் ஊரைவிட்டுப் போகிறார்கள்" என்று பெருமூச்சு விட்டிருக்கவுங்கூடும்.

நிற்க. தெற்கு மாசி வீதி வழியாகக் கிழக்கு நோக்கி நடந்து, நமது பெரியோர் போற்றிய தெற்குக் கிருஷ்ணன் கோவிலில் தரிசனம் முடித்து, விளக்குத்தூணருகே பத்துத்தூண் சந்துக்குள் நுழைந்தோம். ஜவுளிக் கடைகளுக்கு நடுவே, மின்சாரக் கம்பிகளை மாலையாகச் சூடிக்கொண்டு, அண்ணாந்து பார்க்கக் கழுத்து நோகும் உயரத்தில் பத்துக் கற்றூண்கள் நிற்கின்றன. தாங்கிய கூரை போய்விட்டது. தூண்கள் மட்டும் எஞ்சின. திருமலை நாயக்கர் அரண்மனையின் ரங்க விலாசத்தைச் சேர்ந்தவை என்பர். 1636-இல் எழுந்த அவ்வரண்மனையில் இன்று நாம் காண்பது ஏறக்குறைய நாலில் ஒரு பாகமே. பேரர் சொக்கநாத நாயக்கர் இதன் பகுதிகளைப் பிரித்துத் திருச்சிராப்பள்ளிக்குக் கொண்டுபோனார். எஞ்சியதையும் 1866 முதல் 1872 வரை சென்னைக் கவர்னராயிருந்த நேப்பியர் பிரபு பழுது பார்த்திராவிடில் அதுவும் விழுந்திருக்கும். பின்னர் நீதிமன்றங்கள் பல்லாண்டு அங்கே நடைபெற்றன. ராஜா வீட்டையே பேரன் பிரித்தானென்றால் நமது பாட்டனார் வீட்டை நாம் விற்பதில் என்ன புதுமையென்று உள்ளுக்குள் ஒரு சமாதானம் அப்பொழுது எழுந்ததை மறைக்கவில்லை.

மகாலைச் சுற்றியுள்ள தெருக்களில் நமது குலத்தார் நாயக்கர் காலந்தொட்டுப் பட்டு நெய்து குடியிருந்தனர் என்பது நம்மவர் வழங்கும் வரலாறு. நமது சபை மலர்களைப் புரட்டினால், மாளவ நாட்டு மந்தசோரில் லாட தேசத்துப் பட்டு நெசவாளர் சூரியன் கோவில் கட்டியதையும், கி.பி. 473-இல் அதனைப் புதுப்பித்ததையும் கூறும் கல்வெட்டு எத்தனை முறை வந்திருக்கிறதென்று எண்ணி முடியாது. அவர்களே நம் முன்னோர் என்பதற்கு நேரான சாட்சியம் இல்லை. இருப்பினும் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆயிரத்தைந்நூறு ஆண்டுக்கு முற்பட்ட மந்தசோரை அறிந்த நமக்கு, அறுபது ஆண்டுக்கு முன் மகால் தெருவில் நடந்தது தெரியவில்லை. இதனை ஏன் சொல்லுகிறோமென்பது பின்னால் விளங்கும்.

வடம்போக்கித் தெரு என்னும் பெயரின் பொருளையும் அன்றே சிந்தித்தோம். மாசி வீதியில் தேர் மூலை திரும்புமுன், வடம் பிடிப்போர் நேரே நீண்டு செல்ல இடம் வேண்டும். தேர் நிலைக்கு வருமளவும் வடம் போவதற்கென்று மூலைக்கு அப்பால் விட்ட தெரு வடம்போக்கி. ஆண்டிலொரு நாள் ஒரு கயிறு போவதற்காக ஊர் ஒரு தெருவை ஒதுக்கியது. மற்ற நாளெல்லாம் அதில் நெசவாளர் பாவு நீட்டினர். ஊறவைத்துக் கஞ்சி தோய்த்த பாவை விடியற்காலையில் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, வெயில் ஏறுமுன் இழை இழையாகப் பிரித்து ஆற்றுவார்கள். வீட்டுக்குள் தறிக்கு மட்டுமே இடம். தொழிலின் மறுபாதி தெருவிலே. அக்காலத்தில் அந்தத் தெருவில் வண்டி ஓட்டியவன் பட்ட வசவு இன்று எந்தப் போலீஸ்காரனிடமும் கிடைக்காது என்று தகப்பனார் சொல்லுவார். இப்பொழுது பாவும் இல்லை, வசவும் இல்லை. இருபுறமும் இருசக்கர வாகனங்கள் நிற்கின்றன.

பழையதெல்லாம் பொன் என்று பாடுவதற்கு நாம் வரவில்லை. அத்தெருவைவிட்டு நமது தகப்பன்மார் வெளியேறியதற்குத் தக்க காரணம் இருந்தது. குழித்தறியில் இடுப்பளவு பள்ளத்துக்குள் கால் தொங்கவிட்டு நாள் முழுதும் இருப்பவனுக்கு மழைக்காலத்தில் ஈரம் எலும்பில் ஏறும். இழைக்குப் பதம் வேண்டுமென்று காற்றையும் வெளிச்சத்தையும் அடைத்து வைப்பார்கள். பாட்டனார் மூட்டு வலியோடும் இருமலோடுமே காலங் கழித்தார். சாக்கடை வாசற்படியைத் தொட்டுக்கொண்டு ஓடும். ஒரு கூடத்தில் மூன்று குடும்பம். திருநகரில் நான்கு புறமும் சன்னல் வைத்த வீட்டில் முதலிரவு படுத்தபொழுது தாயார், "காற்று வருகிறதே, கதவைச் சாத்தவா?" என்று கேட்டாராம். அந்தக் காற்றுக்காகத்தான் வந்தோம்; அதற்கு வெட்கமில்லை.

வீடு அடைந்தோம். ஒடுங்கிய வாசல், நீண்ட உட்புறம். முன்கூடத்தில் தறிக்குழியைப் பலகையால் மூடி அதன்மேல் எரிவாயு உருளையை வைத்திருக்கிறார்கள். பின்கட்டு மட்டும் பிற்காலத்தது. மெட்ராஸ் ஒட்டுப் போட்டு, சற்று உயரமாக, ஒரு முற்றத்தோடு கட்டியது. அங்கேதான் நமது அத்தை இருக்கிறார். எண்பதை எட்டியவர். இளமையிலேயே கணவரை இழந்து பிறந்த வீட்டுக்குத் திரும்பி, இத்தனை ஆண்டும் அந்தப் பின்கட்டிலேயே வாழ்ந்து வருகிறார்.

எங்களைக் கண்டதும் தாய்மொழியில் வரவேற்று, மகளுக்குப் "பானி" கொடுத்தார். அந்த ஒரு சொல் மகளுக்குப் புரிந்தது. பிறகு அத்தை பேசிய எதுவும் புரியவில்லை. தமிழில் மறுமொழி சொல்லிக்கொண்டிருந்தாள். 2011-ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் சௌராஷ்டிரத்தைத் தாய்மொழியென்று எழுதிக்கொண்டவர் ஏறக்குறைய 2,47,000 பேர். அதில் நமது வீட்டுப் பிள்ளைகள் இருவரும் அடக்கம். எழுதிக் கொடுத்தவர் நாமே.

அத்தையின் மடியில் ஒரு வெள்ளைச் சேலை இருந்தது. அதனை மடித்துப் புள்ளிக் குறியிட்டிருந்தார்கள். இடது கை நகத்தால் துணியைக் கடுகளவு கிள்ளி, வலது கையிலுள்ள நூலை இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கி, அடுத்த புள்ளிக்குப் போய்விடுகிறார். கண் அதைப் பார்ப்பதேயில்லை, எங்களோடு பேசிக்கொண்டிருக்கிறது. ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கான முடிச்சு. சாயத்தில் முக்கி, உலர்த்தி, அவிழ்த்தால் நூல் இறுகிய இடமெல்லாம் வெள்ளைப் புள்ளி. குஜராத்திலும் இராஜஸ்தானத்திலும் பாந்தனி, ஜப்பானில் ஷிபோரி என்று இதன் இனத்துத் தொழில்கள் உலகெங்கும் உள்ளன. நம் சுங்குடிக்கு 2005-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அச்செய்தி வந்தபொழுது சபையில் நாம் இனிப்பு வழங்கினோம். ஆனால் கடைகளில் சுங்குடியென்று குவிந்திருப்பதில் பெரும்பகுதி மெழுகு அச்சிலும் திரை அச்சிலும் புள்ளி வைத்தது. கையால் முடிச்சிட்டது அருமை. மகள் தானும் முடிச்சிட முயன்றாள். பத்து நிமிஷத்தில் மூன்று, மூன்றும் அவிழ்ந்தன. அத்தை சிரித்தார். அந்தச் சேலைக்கு என்ன கூலியென்று மகன் கேட்டான். அத்தை சொன்ன தொகையை இங்கே சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

பிறகு அவர் நம்மை நோக்கி, "விலை பேச வந்தாயா, வீட்டைப் பார்க்க வந்தாயா?" என்று கேட்டார். நாம் வாய் திறக்கவில்லை. "விற்பதானால் விற்றுக்கொள்ளுங்கள். முன்கட்டு உங்கள் பாட்டன் தறியால் வந்தது. இந்தப் பின்கட்டு நானும் என் தாயும் முடிச்சிட்டுக் கட்டியது. அதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்" என்றார். கோபமில்லை. கை முடிச்சிட்டுக்கொண்டே இருந்தது.

சபையோரே, இங்கே ஒன்றை வெளிப்படையாகச் சொல்லவேண்டும். சட்டப்படி அவருக்கு அவ்வீட்டில் உரிமையில்லை. 1991-இல் நமது தகப்பனாரும் சிற்றப்பன்மாரும் கேட்டுக்கொண்டபடி அவர் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டார். பெண்ணுக்குச் சீர் செய்தாயிற்று, இனி என்ன பங்கு என்பது அந்நாளைய வழக்கம். ரிஜிஸ்திரார் ஆபீசுக்கு அவரை அழைத்துப் போனவர் நமது தகப்பனார். சாட்சிக் கையெழுத்து இட்டவர் நாம். அவருக்கு அன்று அப்பத்திரத்தைப் படித்துக் காட்டியதாக நமக்கு நினைவில்லை. வேலைக்கு நேரமாகிறதென்று அவசரப்பட்டது மட்டும் நினைவிருக்கிறது.

முடிச்சுக் கூலியால் ஒரு கட்டடம் எழுமா என்று நமது பங்காளிகளில் ஒருவர் பிற்பாடு தொலைபேசியில் ஏளனமாகக் கேட்டார். அத்தையிடம் அதற்கு மறுமொழி இருந்தது. பரணிலிருந்து ஒரு தகரப் பெட்டியை இறக்கச் சொன்னார். உள்ளே பாட்டனார் கைப்பட எழுதிய நோட்டு ஒன்று. "யார் யார் எவ்வளவு கொடுத்தார்கள், கொத்தனாருக்கு எவ்வளவு போயிற்று, எல்லாம் இதில் இருக்கிறது. அவர் எழுதுவதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். எனக்குப் படிக்கத் தெரியாது" என்றார்.

திறந்தோம். தமிழன்று; தெலுங்குமன்று; நாகரமுமன்று. பாட்டனார் நமது மொழியை நமது எழுத்திலேயே எழுதியிருக்கிறார். 1852 முதல் 1913 வரை வாழ்ந்த தொ. மு. ராமராய் அவர்கள் அவ்வெழுத்துக்காகப் பாடுபட்டதையும், அதில் நூல்கள் அச்சிட்டதையும் நாம் இம்மேடையிலேயே பலமுறை புகழ்ந்திருக்கிறோம். எந்த எழுத்து வேண்டும், நாகரமா, தமிழா, நமதா என்று இச்சமூகத்தில் தலைமுறைகளாக நடந்த வாதத்திலும் கலந்துகொண்டிருக்கிறோம். புகழ்ந்தோம், வாதிட்டோம், படிக்கக் கற்கவில்லை. வீட்டுக்குள் ஒரு நோட்டு அதற்காகக் காத்திருக்குமென்று யார் எண்ணினார்?

மகன் கைப்பேசியை எடுத்தான். 2008-இல் யூனிகோடு என்னும் உலகப் பொது எழுத்துக் குறியீட்டில் சௌராஷ்டிர எழுத்தும் சேர்க்கப்பட்டது. அதன் அட்டவணையைத் திரையில் வைத்துக்கொண்டு முற்றத்துத் திண்ணையில் அமர்ந்தான். நமது எழுத்துக்கு எண்களும் தனியாக உண்டென்பதே நமக்கு அன்றுதான் தெரியும். எண்கள் பத்துதானே, அரைமணியில் அவனுக்குப் பிடிபட்டுவிட்டன. நோட்டின் வலப்புறத்துத் தொகைகளைத் தமிழ்நாட்டுக் கணக்குப் பிள்ளைபோல் கூட்டினான். பக்கத்தின் அடியில் பாட்டனார் போட்ட கூட்டுத் தொகையோடு ஒத்தது. மகள் கை தட்டினாள். ஆனால் இடப்புறத்துப் பெயர்களையும் குறிப்புகளையும் பிள்ளைகளால் படிக்கக் கூடவில்லை. பாட்டனார் எழுத்து கூட்டெழுத்து, அச்செழுத்துப்போல் இல்லை. ஒரு சொல் மட்டும் பக்கத்துக்குப் பக்கம், சிறு சிறு தொகைகளுக்கு எதிரே, திரும்பத் திரும்ப வருகிறது. அது பாட்டியின் பெயரா, அத்தையின் பெயரா, அன்றி நூற்கடையின் பெயரா என்பதே கேள்வி.

மாலையில் திரும்பினோம். மேல மாசி வீதி வழியாக வந்தபொழுது, 1921 செப்டம்பர் 22-இல் காந்தியடிகள் முழு உடையை நீத்து அரைவேட்டி உடுத்த வீட்டைப் பிள்ளைகளுக்குக் காட்டினோம். அவர்கள் வழக்கமான மரியாதையோடு பார்த்தார்கள். இந்நகரில் 1939 ஜூலை 8-இல் வைத்தியநாத ஐயர் தலைமையில் நடந்த ஆலயப் பிரவேசத்துக்கு உடன் உழைத்த நமது என். எம். ஆர். சுப்பராமன் அவர்களைப் பற்றியும் சொல்லத் தொடங்கினோம். மகள் குறுக்கிட்டு, "ஊரார் எல்லாருக்கும் நியாயம் கேட்டவர்களைப் பற்றிச் சொல்லுகிறீர்கள், அத்தைக்கு யார் கேட்பார்கள்?" என்றாள். பிள்ளைகளோடு ஊர் சுற்றுவதில் இந்த அபாயம் ஒன்று உண்டு. பேருந்தில் நாம் அதிகம் பேசவில்லை.

பங்காளிகள் அடுத்த அமாவாசைக்கு மறுநாள் கூடுகிறோம். வீட்டை விற்பதில்லை என்று நாம் வாக்களிக்க முடியாது. ஐவரில் இருவருக்குக் கடன் இருக்கிறது, ஒருவருக்கு மகள் கல்யாணம். விற்றால் விலையைப் பங்கிடுமுன் பின்கட்டின் மதிப்பைத் தனியாக எடுத்து அத்தைக்குக் கொடுக்கவேண்டும் என்பது நமது எண்ணம். இருவர் இசைந்தனர். ஏனைய இருவர் கணக்கைக் காட்டச் சொல்லுகிறார்கள். பத்திரம் இருக்கும்போது கணக்கு ஏன் என்று கேளாமல் கணக்கைக் கேட்டது அவர்களுடைய நற்குணம் என்றே கொள்ளுகிறோம். அத்தைக்கு இவ்விஷயம் ஒன்றும் சொல்லவில்லை. அவர் அச்சேலையை முடித்து அடுத்ததைத் தொடங்கியிருப்பார்.

அந்த நோட்டை இந்தத் துணிப்பையில் கொண்டுவந்திருக்கிறோம். நாற்பத்திரண்டு பக்கம், சில பக்கங்களில் சாயக் கறை. நமது எழுத்தைக் கையெழுத்தில் படிக்க வல்ல பெரியோர் எவரேனும் இக்கூட்டத்தில் இருந்தால், அல்லது அத்தகையவரை அறிந்திருந்தால், சபை கலைந்ததும் மேடையின் வலப்புறத்தில் நம்மைச் சந்திக்க வேண்டுகிறோம். கண்ணாடி மறந்து வந்தவர்களுக்காக மகன் பெரிதாகப் படம் எடுத்தும் வைத்திருக்கிறான்.